நிறையாத டேங்க்

ஆகஸ்ட் 19

இந்த டைரி பொங்கலுக்கு உரக்கடையில் கொடுத்தது. ஏழு மாதமாகப் பீரோ மேல் சும்மா கிடந்தது. இன்றைக்கு எதிலாவது எழுதிக் கொட்டாவிட்டால் எனக்கு நெஞ்சு வெடித்துவிடும்.

கிணற்றுத் தண்ணீர் நாறுகிறது. வாய்க்காலில் தண்ணீர் திறந்து நான்கு நாள் ஆகிறது. ஊரெல்லாம் ஊற்று ஏறிவிட்டதென்று சந்தோஷமாக இருக்கிறார்கள். எங்கள் உறைக்கிணற்றிலும் குனிந்தால் முகம் தெரிகிற அளவுக்குத் தண்ணீர் ஏறியிருக்கிறது. ஆனால் காலையில் மோட்டாரைப் போட்டு அண்டாவில் பிடித்ததும் குப்பென்று அடித்தது பாருங்கள் ஒரு வாடை! கக்கூஸ் வாடை. வேறு மாதிரி நாசூக்காக எழுத எனக்கு வரவில்லை.

இவரைக் கூப்பிட்டு முகரச் சொன்னேன். "லேசாத்தான் அடிக்குது துளசி" என்றார். லேசாக! என் வீட்டுக்காரர் ஆறுச்சாமிக்கு வீடே பற்றி எரிந்தாலும் லேசாகத்தான் சுடும்.

யார் வேலை என்று எனக்குத் தெரியாதா? இந்த வரிசையில் மொத்தம் மூன்றே வீடு, மூன்றும் வடக்குப் பார்த்தவை. மேற்குக் கடைசியில் மரகதம் வீடு, நடுவில் நாங்கள், கிழக்கே லோகநாதன் வீடு. அரிசி மில் வைத்திருந்தாரே, அதே லோகநாதன்தான். இரண்டு வருடத்துக்கு முன்னால் மில்லை விற்றுவிட்டு இங்கே மாடி வீடு கட்டிக் குடிவந்தார். அவர் வரும்வரை எங்கள் தண்ணீர் பன்னிரண்டு வருடம் இளநீர் மாதிரி இருந்தது. அவருடைய செப்டிக் டேங்க் எங்கள் காம்பவுண்டுச் சுவரை ஒட்டி இருக்கிறது. அங்கிருந்து எங்கள் கிணறு எட்டடி. நானே காலால் அளந்தேன்.

எங்கள் வீட்டிலும்தான் டேங்க் இருக்கிறது. பதினான்கு வருடத்தில் ஒரு தடவை லாரி வந்து உறிஞ்சியதில்லை. நிறைந்தால்தானே! அன்றைக்குக் கட்டிய கொத்தனாரின் கைராசி அப்படி. நான் வேலை பார்க்கிற சத்துணவு மையத்தில் யாராவது டேங்க் நிறைந்துவிட்டது என்று புலம்பினால் நான் இதைத்தான் பெருமையாகச் சொல்வேன்.

சிந்துவுக்கு இது நான்காம் மாதம். ஏழாம் மாதம் வளைகாப்புப் போட்டுத் தலைப்பிரசவத்துக்கு இங்கே கூட்டிவர வேண்டும். ஒரே மகள். அதற்குள் இந்தத் தண்ணீர் ஒரு வழிக்கு வந்தாக வேண்டும்.

ஆகஸ்ட் 20

இவருக்கு மறுபடியும் வயிறு சரியில்லை. வெளியே பஜ்ஜி தின்னாதீர்கள் என்றால் கேட்டால்தானே.

ஆகஸ்ட் 25

சிந்து, மாப்பிள்ளை, சம்மந்தியம்மா மூவரும் வந்தார்கள். கோழி அடித்துக் குழம்பு வைத்திருந்தேன். சம்மந்தியம்மா கைகழுவப் போனவர் பாத்ரூமிலேயே நின்றுவிட்டார். வெளியே வந்து மூக்கைச் சேலைத் தலைப்பால் துடைத்தார்.

"என்னங்க இது, இந்தத் தண்ணியிலயா புள்ளத்தாச்சி குளிக்கோணும்?"

"குடிக்கறதுக்குக் கேன் தண்ணி வாங்கிக்கறோமுங்க" என்றேன்.

"குடிக்கறதுக்குக் கேனு. வாய் கொப்பளிக்க? பாத்திரம் கழுவ? பொறந்த கொழந்தையக் குளிப்பாட்டறதுக்கும் கேனாங்க?"

பஞ்சாயத்துக் குழாய் எட்டு நாளைக்கு ஒரு தடவை வருகிறது. அதைச் சொல்லி என்ன ஆகப்போகிறது? சம்மந்தியம்மா குரலை உயர்த்தவே இல்லை, அதுதான் எனக்கு இன்னும் ஆத்திரம். "தண்ணி நல்லானா சிந்துவ இங்க தாட்டி விடறோமுங்க. இல்லீன்னா பிரசவம் எங்க ஊட்டுலயே ஆகட்டும். டாக்டரம்மாவே சொல்லியிருக்கறாங்க, தண்ணியில காமாலை வந்தா வயித்துல இருக்கறதுக்கும் ஆகாது, தாய்க்கும் ஆகாதுன்னு."

கிளம்பும்போது சிந்து என் கையைப் பிடித்துக்கொண்டு, "எப்படியாச்சும் சரி பண்ணும்மா. எனக்கு உன்கிட்டத்தான் இருக்கோணும்" என்றாள். கார் திரும்பும்வரை பார்த்துக்கொண்டே நின்றேன்.

ஆகஸ்ட் 26

லோகநாதன் வீட்டுக்குப் போனேன். ஊஞ்சலில் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். மரியாதையாகத்தான் ஆரம்பித்தேன்.

"லோகண்ணா, உங்க டேங்க்குத் தண்ணி எங்க கிணத்துல எறங்குதுங்க. கொஞ்சம் என்னன்னு பாருங்க."

"எங்க டேங்க்கா? அம்மணி, நான் என்ற எடத்துல கட்டியிருக்கறேன். உன்ற கிணத்துக்குள்ளயா கட்டிவெச்சேன்?"

"எட்டடிதானுங்க இருக்குது."

"ரெண்டு வருசமாச்சு, ஒருக்கா லாரி கூப்புட்டதில்ல. நெறஞ்சு வழிஞ்சாத்தான உன்ற ஊட்டுக்கு வரும்? நெறயவே இல்ல, அப்பறம் எப்படி வரும்?"

அவர் பேப்பரை மடித்து வைத்துவிட்டு வாஸ்துவை எடுத்துக்கொண்டார். செப்டிக் டேங்க் என்றால் வாயு மூலை, அதாவது வடமேற்கு. கிணறு என்றால் ஈசானி மூலை, வடகிழக்கு. "உன்ற ஊட்டுலயும் அப்படித்தான வெச்சிருக்கற? பெரிய நாயம் பேச வந்துட்ட."

"நாங்க வெச்சதுல யாருக்கு என்னங்க கெடுதல்?" என்று கேட்டுவிட்டு விறுவிறுவென்று வந்துவிட்டேன். அவர் மனைவி கோகிலாமணி காபி டம்ளரோடு பின்னாலேயே வந்தாள். குடிப்பேனா நான்!

ஆகஸ்ட் 29

மரகதத்திடம் எல்லாவற்றையும் சொன்னேன். எனக்காக ஒரு வார்த்தை பேசுவாள் என்று பார்த்தால் "ம்" என்றாள். அவ்வளவுதான். தையல் மிஷினை மிதித்துக்கொண்டே இருந்தாள்.

அவள் ஒரு மாதிரிதான். வீட்டில் கிணறு இருக்கிறது. ஆனாலும் குழாய் வருகிற நாளில் தெருக்கோடியிலிருந்து பன்னிரண்டு குடம் தூக்குகிறாள். மற்ற நாளில் வாய்க்கால் கரை அடிபம்பில் இருந்து சைக்கிளில் கட்டிக்கொண்டு வருகிறாள். "கிணத்த வெச்சுக்கிட்டு எதுக்குடி இப்படிக் கொடம் தூக்கற?" என்று எத்தனையோ தடவை கேலி செய்திருக்கிறேன். உப்புத் தண்ணி என்பாள்.

நான்கு வருடத்துக்கு முன்னால் ஆறாம் மாதத்தில் காமாலை வந்து அவளுக்குக் குழந்தை தங்காமல் போனது. அதிலிருந்து இப்படி ஆகிவிட்டாள். நான்தான் அப்போது கீழாநெல்லி அரைத்துக் கொண்டுபோய் வாயில் ஊற்றினேன். அந்த நன்றிக்காவது எனக்காக லோகநாதனிடம் பேசியிருக்கலாம்.

செப்டம்பர் 4

தண்ணீரை டவுனில் பரிசோதனைக்குக் கொடுத்திருந்தேன். ரிப்போர்ட் வந்துவிட்டது. மலத்தில் இருக்கிற கிருமி நிறைய இருக்கிறதாம், குடிக்கவும் புழங்கவும் லாயக்கில்லையாம். தாளை எடுத்துக்கொண்டு பஞ்சாயத்து ஆபீசுக்குப் போனேன். அங்கே இருந்தவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, "கிணத்துக்கும் டேங்க்குக்கும் அம்பதடி இருக்கோணுமுங்க" என்றார்.

"அதைத்தானுங்க நானும் சொல்றேன். எட்டடியில கட்டியிருக்கறாரு!"

"அவரு எடத்துல அவரு கட்டியிருக்கறாரு. உங்க எடத்துல நீங்க கிணறு வெட்டியிருக்கறீங்க. அந்த டேங்க்குல இருந்துதான் வருதுன்னு என்னங்க ருசு?"

ருசு வேண்டுமாம். பத்து விரலையும் நெரித்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

செப்டம்பர் 9

ருசுவுக்கு வழி கிடைத்துவிட்டது! என் தம்பி மயில்சாமி சாயப்பட்டறையில் சூப்பர்வைசர். அவனுக்கு போன் போட்டுப் புலம்பியதும் சிரித்தான். "அக்கா, சாயத்த அவங்க கக்கூஸ்ல கொட்டிப்போடு. உன்ற கிணத்துல கலரு வந்துச்சுன்னா அப்பறம் எவன் இல்லைங்கறது?"

இன்றைக்கே பஸ்ஸில் இரண்டு பொட்டலம் கொடுத்துவிட்டான். ஒன்று பச்சை, ஒன்று ரோஸ். "பச்சை போதும், பத்தலைன்னா இன்னொண்ணையும் போடு. கலர் வந்த தண்ணியத் தொடாதீங்க" என்று சொல்லியிருக்கிறான். என் தம்பியா கொக்கா.

செப்டம்பர் 11

முடித்துவிட்டேன்.

கோகிலாமணியிடம் வாங்கிய இட்லித் தட்டைத் திருப்பிக் கொடுக்கிற சாக்கில் போனேன். லோகநாதன் டவுனுக்குப் போயிருந்தார். கொஞ்ச நேரம் பேசிவிட்டு, "கோகிலா, பாத்ரூம் போகோணுமே" என்றேன். எட்டடியில் என் வீடு இருக்கிறது, அவள் ஏன் விழிக்க மாட்டாள்? "எங்கூட்டு மோட்டாரு ஓடலைடி" என்று வாயில் வந்ததைச் சொன்னேன். உள்ளே போய்த் தாழ் போட்டு, இடுப்பில் செருகியிருந்த பொட்டலத்தைப் பிரித்துக் கொட்டி, ஆறு வாளி தண்ணீர் ஊற்றினேன். ஐம்பத்து நான்கு வயதில் செய்கிற வேலையா இது!

வலது கையில் மூன்று விரல்கள் பச்சையாகிவிட்டன. எவ்வளவு தேய்த்தும் போகவில்லை.

செப்டம்பர் 12

மையத்தில் பிள்ளைகள் எல்லாம் என் கையைப் பார்த்துச் சிரித்தன. மருதாணி கெட்டுப்போச்சு என்று சொல்லிச் சமாளித்தேன்.

அஞ்சறைப்பெட்டிக்குப் பின்னால் வைத்திருந்த ரோஸ் பொட்டலத்தைக் காணோம். இவரிடம் கேட்டால், "நான் எங்க பார்த்தேன்" என்று தோட்டத்துப் பக்கம் போய்விட்டார். எலி இழுத்துக்கொண்டு போயிருக்கும்.

செப்டம்பர் 14

கிணற்றை ஒரு நாளைக்குப் பத்துத் தடவை எட்டிப் பார்க்கிறேன். ஒன்றும் இல்லை. லோகநாதன் மாடியில் நின்று என்னைப் பார்த்துச் சிரிக்கிற மாதிரி இருந்தது.

செப்டம்பர் 17

பச்சை! பச்சை! பச்சை!

காலை ஏழு மணிக்கு மோட்டாரைப் போட்டால் அண்டாவில் விழுகிற தண்ணீர் இளம்பச்சை. வாழைக் குருத்துக் கலர். நான் போட்ட சத்தத்தில் எதிர் வரிசையில் இருக்கிறவர்கள்கூட வந்துவிட்டார்கள். ஒரு வாளி பிடித்துக்கொண்டு நேராக லோகநாதன் வாசலில் வைத்தேன்.

"பாருங்கண்ணா, நல்லாப் பாருங்க. உங்க கக்கூஸ்ல போட்ட சாயம். எப்படிங்க என்ற கிணத்துக்கு வந்துச்சு? பறந்தா வந்துச்சு?"

அவர் முகத்தில் ஈயாடவில்லை. கோகிலாமணி என் விரலைப் பார்த்தாள், வாளியைப் பார்த்தாள், வாயைப் பொத்திக்கொண்டாள். "புள்ளத்தாச்சி வர்ற ஊடுங்க இது. காமாலை வந்து ஒரு உசுரு போச்சுன்னா நீங்களா வந்து பதில் சொல்லுவீங்க?" என்று தெருவே கேட்கிற மாதிரி கத்தினேன். கூட்டத்தில் மரகதமும் நின்றிருந்தாள். அவள் மட்டும் தலையைக் குனிந்துகொண்டு உள்ளே போய்விட்டாள்.

சிந்துவுக்கு போன் போட்டுச் சொன்னேன். ரொம்ப நாளைக்கப்புறம் நன்றாகச் சாப்பிட்டேன்.

செப்டம்பர் 18

மரகதம் சுவருக்கு அந்தப் பக்கம் வந்து நின்றாள். சத்தமில்லாமல்தான் கூப்பிட்டாள். "அக்கா, எங்க கிணத்துல தண்ணி ரோசா இருக்குதுங்க."

எனக்கு முதலில் வந்தது கோபம்தான். அந்த லோகநாதன் டேங்க் உன் கிணற்றையும் விடவில்லையா என்று கத்தினேன். பச்சைச் சாயம் மண்ணுக்குள் போகப் போக ரோஸ் ஆகியிருக்கும் என்றேன். மயில்சாமிக்கு போன் போட்டேன். "அக்கா, பச்சை எந்த ஊர்லக்கா ரோசாகும்?" என்று அவன் கேட்டான்.

திரும்பினால் இவர் வாசற்படியில் நின்றுகொண்டு தரையையே பார்த்துக்கொண்டிருக்கிறார்.

எனக்குப் புரிய இவ்வளவு நேரம் ஆனதுதான் வெட்கம். எங்கள் டேங்க் எங்கள் வாயு மூலையில் இருக்கிறது. சுவருக்கு அந்தப் பக்கம் மரகதத்தின் ஈசானி மூலை, அங்கே அவள் கிணறு. லோகநாதன் எனக்கு எட்டடி என்றால் நான் அவளுக்கு ஒன்பதடி. மூன்று பேரும் வாஸ்து பிசகாமல் கட்டியிருக்கிறோம். வரிசைக் கடைசியில் இருப்பதால் அவளால் யாருக்கும் கெடுதல் இல்லை.

"ஏன்டி, எங்கிட்ட அப்பவே சொல்லியிருக்கலாமில்ல?" என்றேன். அப்போதும் நான்தான் கத்தினேன்.

"சொன்னேனுங்க்கா. நாலு வருசத்துக்கு முன்னாடி, இதே எடத்துல நின்னு. நீங்க என்ன சொன்னீங்கன்னு ஞாபகமில்லீங்களா?"

ஞாபகமில்லை என்று சொன்னேன்.

இருக்கிறது. "எங்க டேங்க் நெறயவே இல்ல, அப்பறம் எப்படி உன்ற கிணத்துக்கு வரும்?" என்று சொன்னேன்.

செப்டம்பர் 19

மரகதத்துக்கு அன்றைக்கு ஆறாம் மாதம். காமாலை.

மையத்துக்கு லீவு சொல்லிவிட்டேன்.

செப்டம்பர் 20

இவரைப் பிடித்து உட்கார வைத்துக் கேட்டேன். ரோஸ் பொட்டலத்தை எடுத்து நம் கக்கூஸில் கொட்டியது இவர்தான். மரகதத்தின் புருசன் நான்கு வருடத்துக்கு முன்னாலேயே இவரிடமும் சொல்லி அழுதிருக்கிறார்.

"நாலு வருசமா வாயத் தெறக்கலையே நீங்க! மனுசனா நீங்க?"

"சொன்னா நீ ஒத்துக்குவியா துளசி? நான் பொய் சொல்றேன்னு என்னையே திட்டுவ. அதான் கலராக் காட்டிப் போடலாம்னு..."

இன்னும் என்னென்னவோ திட்டினேன். இவர் கேட்டுக்கொண்டே இருந்தார். கடைசியில் சொன்னார், "உன்ற வாய்க்குப் பயந்துதான் அந்தப் புள்ளையும் பேசாம இருந்துச்சு, நானும் பேசாம இருந்தேன்." ஊரில் எல்லோருக்கும் நான் நியாயம் கேட்கிறேன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். வீட்டுக்குள் எனக்குப் பயந்துகொண்டு இருந்திருக்கிறார்கள்.

செப்டம்பர் 24

லாரி வந்தது. ஆளை இறக்கக் கூடாது, மிஷின்தான் உறிஞ்ச வேண்டும் என்று முன்னாலேயே கண்டிப்பாகச் சொல்லிவிட்டேன். உறிஞ்சிப் பார்த்தால் அடியில் மணல்தான் இருக்கிறது. தளமே போடவில்லை. கிணற்றுக்கு இறக்குகிற மாதிரி எட்டு உறையை இறக்கி மூடி போட்டுவிட்டுப் போயிருக்கிறான் அந்தக் கைராசிக்காரக் கொத்தனார்.

இப்போது வந்திருக்கிற மேஸ்திரி பெயர் காளியண்ணன். பதினான்கு வருடமாக நிறையவே இல்லை என்று நான் பழக்கதோஷத்தில் அவரிடமும் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை.

"நெறயாதது டேங்க்கே இல்லீங்கம்மா. அது ஓட்டை. போட்டதெல்லாம் மண்ணுக்குள்ள போயிருக்குது. வாய்க்காலு கெழக்க இருக்கறதால ஊத்து மேக்க பாயும். தண்ணி தெறந்தா ஊத்து மேல வந்து டேங்க்குல இருக்கறதையும் கரைச்சு இழுத்துக்கிட்டுப் போகும். நல்ல டேங்க்குன்னா நாலஞ்சு வருசத்துக்கு ஒருக்கா நெறஞ்சே ஆகோணும்."

பதினான்கு வருடமாக நான் பெருமையடித்தது எதை? நினைத்தாலே உடம்பு கூசுகிறது.

செப்டம்பர் 26

புது டேங்க்கை எங்கே கட்டுவது என்று தகராறு. மூன்று கிணற்றிலிருந்தும் ஐம்பதடி தள்ளி வேண்டும் என்றால் பின்பக்கம் தென்மேற்கு மூலை ஒன்றுதான் மிச்சம். கன்னி மூலை! வாஸ்துக்காரர் காதைப் பொத்திக்கொண்டார். "கன்னி மூலையில குழி தோண்டுனா வீட்டம்மாவுக்கு ஆகாதுங்க. அதுவும் மகளுக்குப் பிரசவம் இருக்கறப்ப."

எனக்கும் உள்ளுக்குள் திக்கென்றது. பொய் சொல்வானேன். இரண்டு நாள் யோசித்தேன். நாள் நட்சத்திரம் பார்க்காமல் துணிகூட எடுக்காதவள் நான்.

பிறகு எழுந்துபோய்க் காளியண்ணனிடம், "தோண்டுங்க. எனக்குத்தான ஆகாது, ஆகாமயே போகட்டும்" என்றேன். வாஸ்துப்படி வைத்ததில் பக்கத்து வீட்டுக் குழந்தைக்கு ஆகவில்லையே, அதை எந்த மூலையில் எழுதிவைத்திருக்கிறார்களாம்?

அக்டோபர் 12

தளம் போட்டு, மூன்று அறை தடுத்து, உள்ளே வெளியே பூசி முடித்தாகிவிட்டது. தண்ணீர் நிரப்பி மூன்று நாள் விட்டுப் பார்த்தோம். ஒரு விரற்கடை இறங்கவில்லை. பழைய குழியில் சுண்ணாம்பு கொட்டி மூடினோம்.

அக்டோபர் 15

மறுபடியும் லோகநாதனிடம் போனேன். இந்தத் தடவை கத்தவில்லை. என்னால் கத்த முடியவில்லை. நான் மாற்றிவிட்டேன், நீங்களும் மாற்றுங்கள் என்றேன்.

"தையில பார்க்கலாம் அம்மணி. ஐப்பசி, கார்த்திகையில குழி எடுக்க நேரம் சரியில்லைன்னு சொல்லிட்டாங்க" என்று ஊஞ்சலை ஆட்டிக்கொண்டே சொன்னார். வளைகாப்பு கார்த்திகையில். அவரை நாலு கேள்வி நறுக்கென்று கேட்டிருப்பேன். ஆனால் கேட்கிற யோக்கியதை எனக்கு ஏது? பஞ்சாயத்தில் ரிப்போர்ட்டையும் பச்சைத் தண்ணீரையும் வைத்து மனு கொடுத்துவிட்டு வந்தேன். ருசு கொண்டுவந்தாயிற்று, இனி அவர்கள் என்ன சாக்கு சொல்கிறார்கள் என்று பார்ப்போம்.

அக்டோபர் 30

மரகதத்தின் கிணற்றை மூன்று தடவை முழுக்க இறைத்தாகிவிட்டது. செலவு எங்களுடையது என்று இவர் போய்ச் சொன்னார். பிளீச்சிங் பவுடர் போட்டார்கள். ரோஸ் சுத்தமாகப் போய்விட்டது. மரகதம் இன்னும் குடம்தான் தூக்குகிறாள். என்னைப் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொள்வதில்லை, பேசுவதும் இல்லை.

நவம்பர் 16

இரண்டு கிணற்றுத் தண்ணீரையும் பரிசோதனைக்குக் கொடுத்திருந்தோம். மரகதம் வீட்டுத் தண்ணீரில் கிருமி இல்லை. இரண்டாவது தடவையும் இல்லை. எங்கள் தண்ணீரில் அப்படியே இருக்கிறது. லோகநாதன் டேங்க்கை மாற்றவில்லை, பஞ்சாயத்தில் என் மனுவும் அப்படியே கிடக்கிறது.

சம்மந்தியம்மா போன் செய்தார். "என்னங்க, தண்ணி நல்லாச்சுங்களா?"

நல்ல தண்ணீர் ஒன்பதடியில் இருக்கிறது. என் மகளுக்குத் தேவையான அத்தனை தண்ணீரும் இருக்கிறது. போய்க் கேட்க வேண்டியது நான்தான்.

நவம்பர் 17

போகவில்லை.

நவம்பர் 18

போகவில்லை. சுவர் வரைக்கும் போய்விட்டுத் திரும்பிவிட்டேன்.

நவம்பர் 19

போனேன். மரகதம் மிஷினில் உட்கார்ந்து ஜாக்கெட் தைத்துக்கொண்டிருந்தாள். நிலைப்படியிலேயே நின்றேன். "மரகதம், சிந்துவுக்கு..." என்று மட்டும்தான் சொன்னேன். அவள் மிஷினை நிறுத்தினாள்.

அவள் பேசியதை ஒரு வார்த்தை விடாமல் எழுதிவைக்கிறேன். என்றைக்காவது எனக்கு மறந்துபோனால் எடுத்துப் படிக்க வேண்டும்.

"கேக்க வருவீங்கன்னு தெரியுமுங்க. ரிப்போர்ட்டு வந்த அன்னைக்கே தெரியும். உங்க மகளுக்குன்னா எட்டடி கண்ணுக்குத் தெரியுது, ரிப்போர்ட்டு தெரியுது, பஞ்சாயத்து தெரியுது. எனக்குன்னா ஒண்ணும் தெரியலீங்களா? சுவத்தோரம் நின்னு அக்கா நாத்தமடிக்குதுன்னு சொன்னேன். உன்ற ஊட்டு சாக்கடையப் பாருடீன்னீங்க. நான் அந்தத் தண்ணியத்தான் ஆறு மாசம் குடிச்சேன். என்ற புள்ளைக்குக் கண்ணு, மூக்கு, வெரலு, நகம் எல்லாம் இருந்துச்சுங்க. துண்டுல சுத்தி அவங்கப்பன் கையில குடுத்தாங்க. நீங்க கீழாநெல்லி கொண்டாந்தீங்க. உங்க கையப் புடிச்சுக் கண்ணுல ஒத்திக்கிட்டேன். நான் ஒத்திக்கிட்டேனுங்க! அன்னைக்கு வாளியத் தூக்கிட்டுப் போயி ஒரு உசுரு போச்சுன்னா பதில் சொல்லுவீங்களான்னு லோகண்ணனக் கேட்டீங்களே, என்ற முன்னாலயே கேட்டீங்களே, அப்ப நான் எங்க போயி நிக்கறது?"

தெருவெல்லாம் கேட்டிருக்கும். அவள் குரல் இவ்வளவு பெரியது என்று எனக்கு இதுவரை தெரியாது. கும்பிட்டேன். கும்பிட்டதும் அவளுக்கு இன்னும் கோபம் வந்தது. "கையை எறக்குங்க" என்றாள்.

கண்ணைத் துடைத்துக்கொண்டு மிஷின் சக்கரத்தைப் பிடித்துக்கொண்டாள். பிறகு தணிந்த குரலில் சொன்னாள். "தண்ணி தர்றேன். அந்தப் புள்ளையும் அது வயித்துல இருக்கறதும் என்ன பண்ணுச்சுங்க? பைப்பச் சுவத்து மேல போட்டுவிடறேன், உங்க ஊட்டு அண்ணன் புடிச்சுக்கட்டும். நீங்க சுவத்துப் பக்கம் வராதீங்க. உங்களப் பார்த்தா எனக்கு ஆகமாட்டேங்குது."

சரி என்றேன்.

டிசம்பர் 2

வளைகாப்பு நன்றாக நடந்தது. சிந்துவைக் கூட்டிவந்துவிட்டோம். காரை விட்டு இறங்கியதும் நேராகப் பாத்ரூமுக்குப் போய்த் தண்ணீரைக் கையில் ஏந்தி முகர்ந்துபார்த்துச் சிரித்தாள். எங்கள் கிணற்று மோட்டாரின் பியூஸைக் கழற்றிவைத்தாகிவிட்டது. காலையும் மாலையும் இவர் பைப்பைப் பிடித்துத் தொட்டியை நிரப்புகிறார். நான் அந்த நேரத்தில் அடுப்படியை விட்டு வெளியே போவதில்லை.

டிசம்பர் 4

"ஏம்மா, மரகதக்காகூட நீ பேசறதில்லையா? தண்ணி வுடறப்பவெல்லாம் உள்ளயே இருக்கற?" என்று சிந்து கேட்டாள்.

சொன்னேன். எதையும் குறைக்காமல், என் பக்கம் ஒரு நியாயமும் சேர்க்காமல் எல்லாவற்றையும் சொன்னேன். வயிற்றில் கையை வைத்துக்கொண்டு கேட்டாள். என்னைத் திட்டுவாள் என்று நினைத்தேன். திட்டவில்லை. ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்.

"அந்தக் கொழந்தை பையனா, பொண்ணாம்மா?"

எனக்குத் தெரியவில்லை. ஒன்பதடியில் இருந்துகொண்டு நான்கு வருடமாக நான் அதைக் கேட்கவே இல்லை.